ஈறு வழியே இறங்காத பிரஷர்

சுனாமி வந்துபோன அடுத்த வருஷம் எனக்கு முப்பத்தொன்பது வயது. புதுச்சேரி பஸ் ஸ்டாண்டிலிருந்து காலாப்பட்டு வழியாகக் கனகசெட்டிக்குளம் வரை ஓடிய ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தேன். வீடு நெல்லித்தோப்பில். நாலு குடித்தனத்துக்கு ஒரே குழாய். காலையில் அந்தக் குழாயடியில் குந்தி, சிவப்புப் பல்பொடியை விரலில் தொட்டுப் பல் விளக்கித் துப்புவேன். துப்புவது சிவப்பாக இருக்கும். அதில் பொடி எவ்வளவு, ரத்தம் எவ்வளவு என்று நான் பிரித்துப் பார்த்ததில்லை. பிரித்துப் பார்க்க வேண்டாம் என்றுதான் அந்தப் பொடியை விடாமல் வாங்கினேனோ என்று இப்போது தோன்றுகிறது. ஒருமுறை மனைவி வெள்ளைப் பேஸ்ட் வாங்கி வந்தாள். இரண்டு நாள் அதில் விளக்கினேன். சிமெண்டுத் தரையில் விழுந்த நுரையைப் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் பொடிக்கே திரும்பிவிட்டேன்.

இதையெல்லாம் எழுதக் கை கூசுகிறது. சாப்பிட்டுவிட்டுப் படிப்பவர்கள் மன்னிக்க வேண்டும்.

எனக்கு பிரஷர் இருப்பது பஸ் ஸ்டாண்டில் தெரிந்தது. டிரைவர், கண்டக்டர்களுக்கு இலவசப் பரிசோதனை என்று ஒரு நாள் பந்தல் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த டிரிப்புக்கு இருபது நிமிஷம் இருந்தது. சும்மா இருக்கிறோமே என்று போய்க் கையை நீட்டினேன். நர்ஸ் பட்டையைச் சுற்றி ஒரு தடவை பார்த்தது. நம்பாமல் இன்னொரு தடவை பார்த்தது. நூற்றி எழுபதுக்கு நூற்றிப் பத்து.

"தலை சுத்துதாண்ணா? கண்ணு இருட்டுதா?" என்றது.

"பஸ்ஸுல நிக்கறவனுக்கு எப்பவும் சுத்திக்கினுதான் இருக்கும்" என்று சிரித்தேன். அது சிரிக்கவில்லை. முகத்தைச் சற்றுத் திருப்பிக்கொண்டு சீட்டு எழுதிக் கொடுத்தது. என் உடம்பின் மேல் உள்ள அக்கறையில் முகம் சுளிக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பெரியாஸ்பத்திரியில் மாத்திரை இலவசமாகக் கொடுத்தார்கள். தினமும் காலையில் ஒன்று. தலை வலித்த நாளில் போட்டேன், வலிக்காத நாளில் போடவில்லை.

எங்கள் டிரைவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அண்ணே என்று கூப்பிடுவேன். பெருத்த உடம்பு, எந்த விஷயமானாலும் ஒரு விளக்கம் வைத்திருப்பார். ஒரு நாள் கனகசெட்டிக்குளத்தில் பஸ்ஸைத் திருப்பி நிறுத்தியபின் டீக்கடையில் வாய் கொப்பளித்துத் துப்பினேன். மணலில் விழுந்ததை அவர் குனிந்து பார்த்தார்.

"இன்னாடா, ரத்தமா?"

"எகுறுல வருதுண்ணே. ரொம்ப நாளா வருது."

"பிரஷர் எத்தினி சொன்னாங்க?"

"நூத்தி எழுவது."

"அப்பறம் இன்னா? உள்ள கொதிக்குது. எங்கனா ஒரு வழியா வெளிய போவணும்ல? குக்கருல வெயிட்டு தூக்கி ஆவி போவுதுல்ல, அந்த மாதிரி. சில பேருக்கு மூக்குல ஊத்தும். சில பேருக்கு மண்டைக்குள்ளயே வெடிச்சிடும். உனுக்கு எகுறு வழியா எறங்குது. குடுத்து வச்சவன்டா நீ."

எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. ஈறில் ரத்தம் வருவது வியாதி இல்லை, வைத்தியம் என்று ஆகிவிட்டது. அன்றிலிருந்து ரத்தம் நிறைய வந்த நாளில் மாத்திரையைத் தொடமாட்டேன். தலை கனத்தால் நாக்கைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் அழுத்தி உறிஞ்சுவேன். துருப்பிடித்த தகரத்தை நக்கியதுபோல் ஒரு ருசி வாயில் ஊறும். துப்பிவிட்டு, பிரஷர் கொஞ்சம் இறங்கிவிட்டது என்று நம்புவேன். ஏறக்குறைய ஒரு வருஷம் இப்படி என் ரத்தத்தை நானே உறிஞ்சித் துப்பினேன். பெற்றவர்கள் பள்ளிக்கூடம் அனுப்பிப் பத்தாவது வரை படிக்கவைத்த ஒரு மனிதன் செய்த காரியம் இது.

கண்டக்டர் வேலை வாயால் செய்கிற வேலை. விசில் எப்போதும் உதட்டிலேயே இருக்கும். கழற்றினால் கழுத்துக் கயிற்றில் தொங்கும். சட்டைப் பித்தான் மேல் எச்சில் ஒழுகும். அதை நான் ஒருநாளும் கழுவியதில்லை. இன்னொன்று சீட்டு கிழிப்பது. சீட்டுக் கட்டு மெல்லிய காகிதம், ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கட்டைவிரலை நாக்கில் ஒரு தடவு, கட்டில் ஒரு தள்ளு, ஒரு கிழிப்பு. ஒரு டிரிப்புக்கு அறுபது எழுபது பேருக்கு இப்படி என் எச்சிலைக் கையில் கொடுத்தேன். அந்தச் சீட்டை உதட்டில் கவ்விக்கொண்டு பைக்குள் சில்லறை தேடும் பெண்களை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அப்போது ஒன்றும் தோன்றவில்லை.

வாய் நாற்றம் என்ற எண்ணமே எனக்கு வரவில்லையா என்றால், வந்தது. அதனால்தான் கிராம்பு, சோம்பு, கீழுதட்டுக்கு அடியில் ஒரு சிட்டிகை போயிலை. போயிலை வைத்தால் ஈறு மரத்துப்போகும், அரிப்பு அடங்கும். நாற்றத்தை நாற்றத்தால் மூடிவிட்டேன். என் வாயின் வாடை என் மூக்குக்குத் தெரியாமல் போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது.

ஆனால் அடுத்தவர் நாற்றம் எனக்குப் பிடிக்காது. காலை ஏழு மணி டிரிப்பில் கனகசெட்டிக்குளத்து மீன்காரப் பெண்கள் அன்னக்கூடையோடு ஏறுவார்கள். டவுன் மார்க்கெட்டுக்குப் போகிறவர்கள். அவர்களைக் கடைசி சீட்டுக்குப் பின்னால் நிற்கச் சொல்லி விரட்டுவேன். "கூடைய மூடும்மா", "தள்ளி நில்லும்மா", "நாத்தம் தாங்கல" என்று காலாப்பட்டு வருவதற்குள் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பேன். காலாப்பட்டில் ஆபீசுக்குப் போகிறவர்கள் ஏறுவார்கள். அவர்கள் முன்னால் நம் பஸ் கௌரவமாக இருக்க வேண்டும் என்பது என் நினைப்பு.

ஒரு நாள் பொம்மையார்பாளையம் வளைவில் ஆடு குறுக்கே வந்ததால் டிரைவர் சடாரென்று பிரேக் போட்டார். ஒரு மீன்காரம்மாவின் கூடையிலிருந்து ஐஸ் தண்ணி சரிந்து, இஸ்திரி போட்ட பேண்ட் போட்டிருந்த ஒருவரின் ஷூவில் ஊற்றிவிட்டது. அவர் குனிந்து துடைத்துக்கொண்டதோடு சரி. நான்தான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு பின்னால் போனேன். அந்த அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். ஒல்லியான உடம்பு. கூடையை இரண்டு காலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு கம்பியைப் பிடித்து நின்றிருந்தார்.

"ஏம்மா, அறிவிருக்குதா? நாத்தம் புடிச்ச தண்ணிய மனுசன் மேல ஊத்தறியே. இதுக்குத்தான் உங்கள ஏத்தவே கூடாதுன்றது" என்று அவர் முகத்துக்கு நேராகக் குனிந்து கத்தினேன்.

அவர் முந்தானையை மூக்கில் வைத்து முகத்தைத் திருப்பினார்.

"எட்ட நின்னு பேசுய்யா."

"இன்னா?"

"எட்ட நின்னு பேசுன்றேன். எம் மீனு காத்தால கரைக்கு வந்தது. கண்ணப் பாரு, செவுளப் பாரு, மோந்து பாரு. நாத்தம் அதுல இல்ல. உன் வாயில இருக்குது."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நானும் ஏதாவது திருப்பிச் சொல்லித் தப்பித்திருப்பேன். பஸ் முழுக்க அமைதியாக இருந்தது. அந்த அமைதியில், இது எல்லாருக்கும் ஏற்கெனவே தெரியும் என்று எனக்குப் புரிந்தது.

அவர் விடவில்லை. இடுப்பில் செருகியிருந்த சீட்டை எடுத்து, ஓரத்தைப் பிடித்துத் தூக்கிக் காட்டினார். வெள்ளைக் காகிதத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு ரோஸ் நிறத்தில் ஒரு இழுப்பு.

"இத பாரு, நீ குடுத்த சீட்டு. எச்ச மட்டும் இல்ல, ரத்தமும் ஒட்டிக்கினு இருக்குது. இத தொட்ட கையாலதான் நான் யாவாரம் பாக்கணுமா? நான் பாட்டுக்கு ஒண்ணும் சொல்லாமதான் இருந்தேன். நீதான் வந்து வாயத் தொறந்த."

முன் சீட்டில் ஒரு காலேஜ் பையன் தன் சட்டைப் பையிலிருந்து சீட்டை இரண்டு நகத்தால் எடுத்துப் புரட்டிப் பார்த்தான். பிறகு ஜன்னல் வழியாக விட்டுவிட்டு, விரலைப் பேண்டில் துடைத்தான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற ஒரு பெரியவர் அந்த டிரிப்பில் தவறாமல் வருவார். சொல்தா என்று எல்லாரும் மரியாதையாகச் சொல்வோம். நான் சீட்டுக் கொடுக்கப் போகும்போதெல்லாம் அவர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொள்வார். மீன்கூடைக்காக என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். மீன்கூடையே இல்லாத மாலை டிரிப்பிலும் அவர் அப்படித்தான் வைத்துக்கொண்டார் என்பது அப்போதுதான் உறைத்தது.

விசிலை ஊதக்கூட வாய் வரவில்லை. கோட்டக்குப்பம், முத்தியால்பேட்டை என்று நிறுத்தம் வர வர, தகரத்தைக் கையால் தட்டியே பஸ்ஸை நிறுத்தினேன்.

அன்று மதியம் ஷிப்டு முடிந்து வீட்டுக்கு வந்தேன். மனைவி முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரே உட்காரப் போனவன், கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன்.

"இந்தா, ஒண்ணு கேக்கறேன். என் வாயி நாறுதா?"

அவள் கல் பொறுக்குவதை நிறுத்தவில்லை.

"இப்ப இன்னாத்துக்கு அது?"

"பஸ்ஸுல ஒரு மீன்காரம்மா சொல்லிட்டாங்க. எல்லார் முன்னாடியும்."

"அவங்க சொல்லித்தான் தெரியணுமா உங்களுக்கு?"

"அப்ப உனுக்குத் தெரியுமா?"

"பொண்ணு வயித்துல இருக்கசொல்லவே தெரியும். மசக்கையில எனுக்குத்தான் அப்பிடித் தெரியுதுன்னு நெனச்சேன். பொண்ணு பொறந்தும் போவல."

பெண்ணுக்கு அப்போது பதினோரு வயது.

"ஏன் சொல்லல?"

"எப்பிடிங்க சொல்றது? வெள்ளைப் பேஸ்ட்டு வாங்கியாந்தன்ல. அதான் சொன்னது."

எனக்குக் கோபம் வரவில்லை. பதினோரு வருஷமாக அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுப்பதை அவளுடைய பழக்கம் என்று நினைத்திருந்தேன். என் தலையணை உறையை மட்டும் தனியாக வெந்நீரில் ஊறவைப்பாள். எண்ணெய்ப் பிசுக்குக்காக என்று நினைத்திருந்தேன். எழுந்துபோய் அந்த உறையை எடுத்துப் பார்த்தேன். வாய் படும் இடத்தில் வட்டம் வட்டமாகப் பழுப்புக் கறை, ஒன்றின் மேல் ஒன்றாக. தண்ணி குடிக்கலாம் என்று டம்ளரை எடுத்தால், "அது வேணாம், அது பொண்ணுது" என்றாள். அடியில் நகப்பூச்சால் ஒரு புள்ளி இருந்தது. என் மகள் தன் டம்ளர் என் டம்ளரோடு மாறிவிடக் கூடாது என்று வைத்த புள்ளி.

டிரைவரின் விளக்கத்தை அவளிடம் சொன்னேன். பிரஷர் இப்படித்தான் இறங்குகிறது, ரத்தம் வருவது நல்லதுக்குத்தான் என்றேன். அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"பிரஷர் எறங்குறது இருக்கட்டும். இந்த நாத்தம் எங்கேந்து வருது? அதுவும் நல்லதுக்கா?"



மறுநாள் லீவு சொல்லிவிட்டுப் பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். பிரஷர் பார்க்கும் டாக்டர் பட்டையைச் சுற்றினார். போன தடவையைவிட ஏறியிருந்தது. "மாத்திரை போடறீங்களா?" என்று கேட்டார். "போடறேன் சார்" என்றேன். நான் வாயைத் திறந்ததும் அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். இப்போது எனக்குக் கண் திறந்திருந்ததால் அது தெரிந்தது. "வாயைக் காட்டுங்க" என்று டார்ச் அடித்துப் பார்த்தார். ஒரு சீட்டைக் கிழித்து எழுதி, "மொதல்ல பல் டாக்டரைப் பாருங்க" என்றார்.

பல் டாக்டர் முப்பது வயதுப் பெண். நாற்காலியில் சாயவைத்து, விளக்கை இழுத்து, கொக்கி போன்ற ஒரு கம்பியால் ஒவ்வொரு பல்லின் ஓரத்திலும் ஈறுக்குள் விட்டுப் பார்த்தார். கம்பி இவ்வளவு ஆழம் போகும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பிறகு ஒரு சின்னக் கண்ணாடியை என் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார்.

என் வாயை நான் அதுவரை பார்த்ததே இல்லை. சவரம் செய்யும்போது மூடித்தான் இருக்கும். ஈறு கத்தரிக்காய் நிறத்தில் உப்பி, பளபளவென்று இருந்தது. கீழ்வரிசை முன்பற்களுக்குப் பின்னால் பல்லே தெரியவில்லை. பழுப்பும் கறுப்புமாக ஏதோ பூசி மெழுகியிருந்தது. டாக்டர் கையுறை போட்ட விரலால் ஈறை லேசாக அழுத்தினார். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவிலிருந்து மஞ்சளாக ஒரு சொட்டு எழும்பி, ரத்தத்தோடு கலந்து வழிந்தது.

"சீழ்" என்றார். "எவ்ளோ நாளா ரத்தம் வருது?"

"அது பிரஷருங்க மேடம். பிரஷர் அதிகமானா எகுறு வழியா எறங்கும்னு..."

"யார் சொன்னது?"

"எங்க டிரைவரு."

அவர் சிரிக்கவில்லை. "பிரஷரால ஈறுல ரத்தம் கொட்டாது. பல்லுல அழுக்கு சேர்ந்து காரையா இறுகி, அதுக்கு அடியில கிருமி சேர்ந்து, ஈறு புண்ணாயிருக்கு. வாய்க்குள்ள இருக்கற புண்ணையெல்லாம் சேர்த்து விரிச்சா உங்க உள்ளங்கை அளவு வரும். உள்ளங்கை பூரா சீழ் புடிச்ச புண்ணோட சீட்டுக் கிழிப்பீங்களா நீங்க?"

நான் கண்ணாடியைத் திருப்பி வைத்தேன்.

"நீங்க நெனச்சிருக்கறது தலைகீழ். இந்தப் புண்ணுல இருக்கற கிருமி ரத்தத்துல கலந்து ஒடம்பு பூரா சுத்துது. அதனால ரத்தக் குழாய் கெட்டு பிரஷர் ஏறும்னு இப்ப சொல்றாங்க. இன்னும் முழுசா முடிவாகல. ஆனா ஈறு இப்படிக் கெட்டவங்களுக்கு பிரஷர் சீக்கிரம் கட்டுப்படறதில்லன்னு நாங்க பாக்கறோம். என்ன மாத்திரை போடறீங்க? சிலதுக்கு ஈறு வீங்கும்."

பையிலிருந்து அட்டையை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பிப் பார்த்தார். இரண்டு மாதத்துக்கு முன் வாங்கிய அட்டையில் நாலே நாலு குழி காலியாக இருந்தது.

"இந்த மாத்திரை மேல பழி போட முடியாது. நீங்க போட்டாத்தானே" என்று திருப்பிக் கொடுத்தார்.

இரண்டு கடைவாய்ப் பல் ஆடுகிறது, எடுக்க வேண்டும் என்றார். ஆனால் இந்த பிரஷரில் எடுக்க முடியாது, ரத்தம் நிற்காது, முதலில் பிரஷர் இறங்கட்டும் என்று திருப்பி அனுப்பினார். ஒரு டாக்டர் பல்லைப் பார் என்கிறார், பல் டாக்டர் பிரஷரைப் பார் என்கிறார். வராண்டா பெஞ்சில் உட்கார்ந்து அன்றைய மாத்திரையை அங்கேயே விழுங்கினேன். அதன்பின் ஒருநாளும் விடவில்லை. போயிலைப் பொட்டலத்தையும் அன்றே எறிந்தேன். விசிலைக் கழற்றி மோந்து பார்த்தேன். ஓட்டைக்குள் கறுப்பாகப் படிந்திருந்தது. செத்த எலியின் வாடை. அதைச் சாக்கடையில் போட்டுவிட்டு, கையைச் சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவினேன்.

இரண்டு வாரம் கழித்து பிரஷர் நூற்றி ஐம்பதுக்கு வந்தது. அதற்குப் பிறகு நாலு வாரம், வாரம் ஒருநாள், அந்த நாற்காலி. கிர்ரென்று ஒரு மெஷின், கூடவே பீச்சும் தண்ணி, உறிஞ்சும் குழாய். தண்ணி சிவந்து, கறுத்து, துணுக்குத் துணுக்காகப் போனது. முதல் நாளே கீழ்வரிசைக்குப் பின்னாலிருந்து ஒரு துண்டு அப்படியே பெயர்ந்து தட்டில் டங்கென்று விழுந்தது. அரைப் புளியங்கொட்டை அளவு. "பல் உடைஞ்சிடுச்சா மேடம்?" என்று பதறினேன். "பல் இல்ல, காரை" என்றார். அது பெயர்ந்த இடத்திலிருந்து எழும்பிய வாடை என் மூக்குக்கே எட்டியது. பதினோரு வருஷத்துக்கும் மேலாக நான் பேசிய ஒவ்வொரு பேச்சோடும் வெளியே போன வாடை. மகளைத் தூக்கி முத்தம் கொடுத்தபோது போன வாடை. டாக்டரிடம் மெஷினை நிறுத்தும்படி கையைக் காட்டி, எழுந்து வாஷ்பேசினில் குமட்டினேன்.

கடைசி வாரம் அந்த இரண்டு பல்லையும் எடுத்தார். வலியே இல்லை. அவ்வளவு அழுகியிருந்தது. வேரின் நுனியில் சதைத் துணுக்கு ஒன்று தொங்கியது. "வேணுமா?" என்று கேட்டார் உதவிக்கு நின்ற அம்மா. தலையை ஆட்டி மறுத்தேன்.

புண் ஆறியபின் ஈறு சுருங்கி, பல்லுக்குப் பல் சந்து தெரிந்தது. பச்சைத் தண்ணி பட்டால் கூசும். சீட்டுக் கிழிக்க ஒரு டப்பாவில் ஈர ஸ்பாஞ்சு வைத்துக்கொண்டேன். சில பேர் அதைக் கவனித்தார்கள். கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. மீன்காரம்மா அந்த வாரமும் ஏறினார். அதற்கு அடுத்த வாரமும். எங்கே நிற்க வேண்டும் என்று நான் அவரிடம் அதன்பின் சொன்னதில்லை.

டிரைவருக்கு மட்டும் வருத்தம். "ரத்தம் சுத்தமா நின்னுடுச்சா? ஜாக்கிரதையா இருடா. இனிமே அது எந்தப் பக்கம் போவும்னு சொல்ல முடியாது" என்றார். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அன்று முழுக்க எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது.

மூன்று மாதத்தில் பிரஷர் நூற்றி முப்பத்தைந்துக்கு எண்பத்தெட்டு என்று நின்றது. பிரஷர் டாக்டரிடம், "இது மாத்திரையால எறங்குச்சா சார், ஈறு கிளீன் பண்ணதாலயா?" என்று கேட்டேன்.

"எனக்குத் தெரியாது. போயிலையையும் விட்டிருக்கீங்க. எல்லாம் சேர்ந்துன்னு வச்சிக்கோங்க. ஒண்ணொண்ணா நிறுத்திப் பாத்து, எதாலன்னு கண்டுபுடிக்கணுமா?"

வேண்டாம் என்றேன்.

அருவருப்பு என்பது ஒரு தடவை வந்தால் போகாது போலிருக்கிறது. அந்த நாட்களில் பஸ்ஸில் ஏறும் ஒவ்வொருவரின் வாயும் என் கண்ணில் பட்டது. கொட்டாவி விடுகிறவர்கள், சிரிக்கிறவர்கள், பல்குச்சியால் குத்தி அதை மோந்து பார்க்கிறவர்கள். நன்றாக உடுத்தி, பூ வைத்து, சென்ட் போட்டு ஏறுகிறவர்களின் பல்லிடுக்கில் அதே பழுப்பு. டீக்கடையில் டம்ளரை ஒரு முக்கு முக்கி எடுப்பதைப் பார்த்து அங்கே டீ குடிப்பதையே விட்டேன். வீட்டிலிருந்தே தூக்குச் சட்டியில் டீ கொண்டுபோனேன். மற்றவர்கள் மேல் முகம் சுளிக்க எனக்கு என்ன தகுதி என்று உள்ளுக்குள் கேட்டுக்கொள்வேன். கேட்டபிறகும் சுளித்தேன்.

ஆறு மாதம் கழித்து மறுபடி காட்டப் போனபோது பல் டாக்டர், "வீட்ல இருக்கறவங்களையும் ஒரு தடவை கூட்டிட்டு வாங்க" என்றார்.

மனைவி ஒத்துக்கொள்ளவில்லை. "எனுக்கு இன்னா? நான் போயில போடறனா? ரெண்டு வேளை பல்லு வெளக்கறேன்" என்றாள். ஒரு மாதம் சொல்லிச் சொல்லி, ஒரு சனிக்கிழமை கூட்டிப்போனேன். போகிற வழியில் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டே வந்தாள்.

பட்டையைச் சுற்றினார்கள். அவளுக்கும் நூற்றி ஐம்பதுக்கு மேல் இருந்தது. அதுவரை அவள் ஒருமுறைகூட அளந்து பார்த்ததில்லை. "மொத தபா வந்த பயத்துல ஏறியிருக்கும்" என்று நர்ஸிடம் வாதாடினாள். பிறகு நாற்காலியில் சாய்ந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு வாயைத் திறந்தாள்.

நான் பக்கத்தில் நின்றிருந்தேன். டாக்டர் அந்தக் கொக்கிக் கம்பியைக் கீழ்வரிசையில் விட்டு எடுத்தார். ரத்தம் கோடாக வழிந்தது. உள்பக்கம் பழுப்பாக அதே பூச்சு. என்னுடையதுபோல் அவ்வளவு மோசமில்லை. ஆனால் அதே நிறம், அதே வாடை.

"ரத்தம் வருதுன்னு தெரியுமாம்மா?" என்று டாக்டர் கேட்டார்.

அவள் கண்ணைத் திறக்காமல் தலையசைத்தாள். தெரியும். கம்பியை எடுத்ததும், "நாலஞ்சு வருசமா வருதுங்க. அவருக்கே அப்பிடி இருக்கசொல்ல நான் எங்க போயி சொல்றது" என்றாள். டாக்டரிடம்தான் சொன்னாள், என் பக்கம் திரும்பவில்லை.

மெஷினைப் போட்டார்கள். தட்டில் துணுக்குகள் விழத் தொடங்கின. மஞ்சளும் சிவப்புமாகத் தண்ணி அவள் கன்னத்தில் தெறித்தது. வெளியே வந்து வராண்டா கடைசியில் இருந்த குழாயடியில் குனிந்து நின்றேன். வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது, வாந்தி வரவில்லை. பதினோரு வருஷம் ஒரே பாயில் படுத்து, ஒரு பேஸ்ட்டு வாங்கி வந்ததைத் தவிர எதுவும் சொல்லாதவள் அவள். நான் இரண்டு நிமிஷம் அவள் பக்கத்தில் நிற்க முடியாமல் வந்துவிட்டேன். என் மேல் எனக்கு அந்தக் காரைத் துண்டைப் பார்த்தபோது வந்ததைவிட மோசமான வெறுப்பு வந்தது.

முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போனேன். அவள் எழுந்து உட்கார்ந்து, தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். உதடு வீங்கியிருந்தது.

"எங்க போயிட்டீங்க?"

"டீ குடிக்க" என்றேன்.

நான் டீக்கடைப் பக்கமே போவதில்லை என்பது அவளுக்குத் தெரியும். என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, "அடுத்த வாரமும் வரணுமாம். சீட்டு வாங்கியாங்க" என்றாள்.

அடுத்த வாரம் நான் வெளியே போகவில்லை. மூச்சை வாயால் இழுத்துக்கொண்டு, தட்டைப் பார்க்காமல், கடைசி வரை அவள் பக்கத்திலேயே நின்றேன்.